மூன்றாம் லயத்து மேல்கம்பி

கரடிப்பாறை தேயிலை எஸ்டேட்டின் மூன்றாம் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், குடியிருந்த எஸ்தர், தன் வீட்டு அடுப்பங்கரையில் ஒரு பழைய ஓவனின் மேல்கம்பியைப் பழுக்கவிட்டு ஒரு துண்டு மீனைச் சுட்ட அந்த மார்கழிக் காலையில், லயத்தைச் சுற்றிக் கிடந்த பனி முதலில் முற்றத்தை விட்டு எழுந்து, பிறகு குழாயடியை விட்டு நகர்ந்து, பிறகு பிள்ளைக் காப்பகத்தையும் கோயில் மேட்டையும் தாண்டிப் போய், விரட்டப்பட்ட மாடு திரும்பிப் பார்த்தபடி நிற்பதுபோல ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டது. மீன் வெந்ததும் எஸ்தர் சுவிட்சை அணைத்தாள். பனி திரும்பி வந்து பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. இன்னொரு துண்டு மீனுக்காக மறுபடி போட்டாள். பனி மறுபடி போயிற்று. பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், வாயைக் கொப்பளித்தார்கள், தலைத்துணியைத் தளர்த்திக்கொண்டார்கள், ஆபீஸ் சங்கு ஊதிவிட்டதால் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனார்கள்.

ஓவன் பங்களாவிலிருந்து வந்தது. எஸ்தர் தன் வயசில் பாதியை மேனேஜர் பங்களாவின் சமையலறையில் கழித்தவள். பழைய மேனேஜர் மாற்றலாகிப் போனபோது அவர் சம்சாரம், தொட்டால் ஷாக் அடிக்கிற அந்தப் பெட்டியை இவளிடம் தள்ளிவிட்டுப் போனார். சும்மாடு கட்டித் தலையில் வைத்து இறக்கிக் கொண்டுவந்தாள். ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் பால்பாண்டி ஒரு எர்த் கம்பி இழுத்துக் கொடுத்தான், ஷாக் நின்றது. உள்ளே இரண்டு கம்பிகள். கீழ்க்கம்பியைப் போட்டால் ரொட்டி வெந்தது, அத்தோடு சரி. மேல்கம்பியைப் போட்டால்தான் மலை சூடாயிற்று. மீட்டர் என்னவோ ஒரு பல்பு எரிகிற அளவுக்குத்தான் சுற்றியது. அது ஏன் என்று கேட்டவர் ஒருவருமில்லை, எஸ்டேட்டில் பிறந்தவர்கள் ஏன் என்று கேட்டுப் பதில் வாங்கிப் பழகியவர்கள் அல்ல.

கேட்கக்கூடிய ஒரே ஆள் ராக்கப்பன். அவர்தான் சங்கத்தின் கிளைச் செயலாளர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே துண்டுப் பிரசுரங்களில்தான் என்பதால், அவர் சாதாரணமாகப் பேசினாலும் வாக்கியத்தின் கடைசியில் ஒரு கூட்டம் கைதட்டக் காத்திருப்பதுபோல இருக்கும். அடி வாங்கியிருக்கிறார், சிறை பார்த்திருக்கிறார், பெரிய தலைவர்கள் மேடையில் கட்டிப்பிடித்துவிட்டு மேடைக்குப் பின்னால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன போராட்டங்களை எல்லாம் தாண்டி வந்திருக்கிறார். வருஷா வருஷம் ஆளுக்கொரு கம்பளியும், கவாத்து வெட்டிய குச்சியில் வீட்டுக்கொரு சுமை விறகும் கம்பெனி கொடுத்தாக வேண்டும் என்ற ஷரத்து அவர் முதுகுத் தோலில் எழுதி வாங்கியது. தோழர் என்று தவிர வேறெப்படியும் தன்னைக் கூப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. பெரியப்பா என்று கூப்பிடுகிற பிள்ளைகளை மட்டும் பொறுத்துக்கொள்வார்.

அவருக்குப் பனி போனதில் ஆச்சரியம் இல்லை. மேலே இருந்து சூடு வருவதில்தான் சந்தேகம். அடுப்பு என்றால் கீழே எரிந்து மேலே வேகவைக்க வேண்டும், உலகத்தில் எந்த நல்ல காரியமும் அடியிலிருந்து எழும்பித்தான் வந்திருக்கிறது, மேலே இருந்து இறங்குகிற சூடு என்றைக்கும் நம்முடைய சூடாக இருக்காது என்று டீக்கடையில் உட்கார்ந்து நெடுநேரம் சொன்னார். எஸ்தர் பால் வாங்க வந்தவள் நின்று கேட்டாள்.

“தோழரே, வேகவைக்கிறதுக்குத்தான் அடியில எரியணும். சுடணும்னா மேலேருந்துதான் சுடணும். ரெண்டும் வேற சமையல்” என்றாள். “நீங்க கருவாட்டைச் சுட்டே தின்னதில்லையோ, உங்க வீட்டுல கொழம்பு மட்டுந்தானோ?”

டீக்கடை சிரித்தது. ராக்கப்பனும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

பனியைத் தூரத்தில் நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் மேல்கம்பி அணையாமல் எரிய வேண்டும், அது அணையாமல் எரிய வேண்டுமென்றால் கதவு நாலு விரல் திறந்திருக்க வேண்டும், மூடிவிட்டால் உள்ளே சூடு நிறைந்து கம்பி தானாகக் கறுத்துவிடும். எரிகிற ஓவனை விட்டு ஆள் நகரக் கூடாது. சும்மா எரியவிடாமல் ஏதாவது ஒன்றைச் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும், சுடுகிற பொருள் கம்பிக்கு ஒரு சாணைவிடக் கிட்டே போகக் கூடாது. கறியானால் கொழுப்பை அரிந்துவிட்டு வைக்க வேண்டும், சொட்டுகிற நெய் தீப்பிடிக்காமல் இருக்க அடித்தட்டில் தண்ணீர் நிற்க வேண்டும். காகிதம் கூடாது, கண்ணாடிப் பாத்திரம் கூடாது, ஈரத்துணியால் தட்டை இழுக்கக் கூடாது, முந்தானை தொங்கக் கூடாது, தலையை முடிந்துகொண்டுதான் குனிய வேண்டும். இதையெல்லாம் எஸ்தர் சொன்னாள், பெண்கள் கேட்டார்கள், கொழுந்து பறிக்கிற நிரையில் ஒருத்தி தொடங்க மற்றவள் முடிக்க என்று நடவுப்பாட்டு மாதிரி அது மலை முழுக்கப் பரவியது. முறை வைத்தார்கள். வீட்டுக்கு வீடு ஆள் வந்து ஓவன் முன்னால் உட்கார்ந்தார்கள். சோளக்கதிர், கருவாடு, மரவள்ளிக் கிழங்கு, கத்தரிக்காய், ஞாயிற்றுக்கிழமையானால் கோழி. சுட்டது எல்லாம் வீடு வீடாகப் போயிற்று, சூடு தானாகப் போயிற்று.

குமிழைத் திருப்பினால் சூட்டின் எல்லை திரும்பியது. நூற்றைம்பதில் வைத்தால் பனி ஓடை வரைக்கும் போகும். இருநூற்றில் வைத்தால் ஒன்றாம் லயம், இரண்டாம் லயம், ஃபேக்டரி எல்லாம் தாண்டும். இருநூற்றைம்பதில் பங்களாவின் கணப்புக்கே வேலை இல்லை. இதனால் சண்டை வந்தது. ஒன்றாம் லயத்துக்காரர்கள், மூன்றாம் லயம் தன் வயிற்றுக்கு மட்டும் எரித்துக்கொள்கிறது என்றார்கள். புதிதாகக் கல்யாணமானவர்களுக்குக் கொஞ்சம் குளிர் வேண்டியிருந்தது. மூட்டுவலிக்காரர்களுக்கு இருநூற்றிருபதுக்குக் கீழே ஆகாது. பூசாரி இது மாரியம்மனின் காரியம் என்றார், உபதேசியார் மாதாவின் காரியம் என்றார், கடைசியில் செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு, புதனும் ஞாயிறும் மாதாவுக்கு என்று பிரித்துக்கொண்டு இருவரும் கோழி சாப்பிட்டார்கள். இட்லி மாவு புளித்தது. அந்த மலையில் அதற்கு முன் மாவு புளித்ததே இல்லை. அட்டைப்பூச்சிகள் லயத்தை விட்டுப் போயின. கீழ்நாட்டிலிருந்து மூன்றாம் லயத்துக்குப் பெண் கொடுக்கப் போட்டி வந்தது.

சண்டையைத் தீர்க்க ராக்கப்பன் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். எத்தனை டிகிரி என்று கை தூக்கி முடிவு செய்யும் கமிட்டி. எண்ணை நம்பாதீர்கள், இந்தக் குமிழ் எழுதியிருப்பதைவிட இருபது கூடுதலாகவே சுடும், கம்பியின் நிறத்தைப் பார்த்து வையுங்கள் என்று எஸ்தர் சொன்னாள். அதனாலென்ன, நாம் எல்லோரும் சேர்ந்து நூற்றெண்பது என்று சொன்னால் அதுதான் நூற்றெண்பது என்றார் ராக்கப்பன். கைதட்டினார்கள். ஒரு காலத்தில் கூலிக்காகத் தூக்கிய கைகளை இப்போது குமிழுக்காக எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் வந்தபோது அவருக்குக் கசந்தது. ஆனாலும் எண்ணினார், ஏனென்றால் இந்த மலையில் தொழிலாளி கை தூக்கி, அதன்படி ஒரு காரியம் நடந்தது அதுதான் முதல் தடவை.

அப்படியிருக்கும்போது கம்பெனியோடு ஒப்பந்தப் பேச்சுவார்த்தை வந்தது. புது மேனேஜர், இளவயசுக்காரர், கோபப்படத் தெரியாதவர். மேசைமேல் அந்த வருஷத்துக் கம்பளியின் மாதிரி ஒன்றை விரித்து வைத்தார். கொசுவலை மாதிரி அந்தப் பக்கம் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே மூன்று லயத்து ஜனமும் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ராக்கப்பன் எழுந்தார், கம்பளியை இரண்டு விரலால் எடுத்தார், மேனேஜர் பக்கமாகத் தள்ளினார்.

“எங்க லயத்துல குளிர் கிடையாது. இத நீங்களே போத்திக்கங்க.”

வெளியே விசில் பறந்தது. அவர் வாழ்க்கையில் பேசிய பேச்சுகளில் அதற்குக் கிடைத்ததுபோல ஒரு கைதட்டு எதற்கும் கிடைத்ததில்லை. மேனேஜர் சத்தம் அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு கிளார்க்கிடம், தோழர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். குளிர் இல்லாத இடத்துக்கு விறகு எதற்கு என்று மெதுவாகக் கேட்டார். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். ராக்கப்பன் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பழைய கம்பளிகளை லயத்தார் வாசலில் வந்த பாத்திரக்காரனிடம் போட்டு பிளாஸ்டிக் குடம் வாங்கினார்கள். மிச்சமிருந்தவை மிதியடியாயின. விறகடுப்பு இருந்த இடங்களைப் பூசி மெழுகி டிவி வைத்தார்கள், சமையலுக்குச் சின்ன ஸ்டவ் ஒன்று போதுமாயிருந்தது.

பெந்தெகோஸ்தே பண்டிகைக்குச் சமைத்த அன்று ஒரு தடவை தீப்பிடித்தது. முறைக்கு வந்த இளவட்டங்கள் கொழுப்பு அரியாத பன்றிக்கறியைக் கம்பியை ஒட்டி ஏற்றிவிட்டு அரட்டையில் இருந்தார்கள். நெய் கம்பியில் தெறித்துக் குபீரென்று எரிந்தது. ஒருவன் குடத்துத் தண்ணீரைத் தூக்கினான். எஸ்தர் அவன் கையைத் தட்டிவிட்டு, கதவை அழுத்தி மூடி, சுவிட்சை அணைத்து, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தீ தன் காற்றைத் தானே தின்று சாகும் வரை அசையாமல் நின்றாள். யாருக்கும் காயமில்லை. ஆனால் ஓவன் அணைந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் பனி ஓடையைத் தாண்டி, கோயில் மேட்டைத் தாண்டி, எல்லோருடைய வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. முன்னைப்போல முற்றத்தோடு நிற்கவில்லை, இத்தனை நாள் வெளியே நிறுத்தி வைத்ததற்குச் சேர்த்து வந்தது. அதற்குப் பிறகு எஸ்தர் அடுத்தவரை நம்பி ஓவனை விடவில்லை. முறைக்கு ஆள் வந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் படுத்துத் தூங்கியதை யாரும் பார்த்ததாக நினைவில்லை. அவள் தூங்கவில்லை என்பதை யாரும் கவனித்ததாகவும் நினைவில்லை.

அடுத்த மார்கழியில் ராக்கப்பன் கோயில் மேட்டின்மேல் ஏறி நின்று, முதல் தடவையாக மலையை முழுசாகப் பார்த்தார். அந்த மாசங்களில் தேயிலை தூங்க வேண்டும். பனியில் இலை கருகும், கொழுந்து நிற்கும், லயம் பாதி காலியாகி ஜனம் பொங்கலுக்குச் சொந்த ஊர் போகும். இப்போது சூடு எட்டிய இடம் வரைக்கும் தளதளவென்று கொழுந்து. அதற்கு அப்பால், கோடு கிழித்ததுபோல, பக்கத்து எஸ்டேட்டின் கருகிய செடிகள். பச்சைக்குள் பெண்கள் குனிந்திருந்தார்கள், சித்திரை மாசம் மாதிரி வியர்த்து. ஊருக்குப் போகிற லீவு என்று ஒன்று இருந்ததே, அது எப்போது போயிற்று என்று அவருக்கு ஞாபகமில்லை. ஆள் தலைக்கு எடுக்க வேண்டிய கிலோவை ஆபீஸ் இரண்டு தடவை ஏற்றியிருந்தது; கொழுந்து இருக்கிறதே, எடுப்பதற்கென்ன என்று ஜனம் எடுத்தது. கம்பெனியின் காட்டை நம்முடைய கம்பியால் நாமே சூடுபடுத்திக்கொண்டிருக்கிறோம், விடிய விடிய முழித்திருந்து, முந்தானையைச் சொருகிக்கொண்டு, நாலு விரல் கதவு திறந்து வைத்து. இது புரிந்தபோது அவர் மேட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அதே வாரம் ஃபீல்டு ஆபீசர் வந்து, கமிட்டி எது முடிவு செய்தாலும் இருநூற்றுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி மேனேஜர் கேட்டுக்கொண்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். கேட்டுக்கொண்டார் என்ற சொல்தான் ராக்கப்பனை உசுப்பியது. முதலாளி கேட்டுக்கொள்கிறான் என்றால் குமிழ் இன்னும் நம் கையில் இருக்கிறது, அவனும் அதை அறிந்திருக்கிறான்; உத்தரவு போடத் தொடங்கினால் அப்புறம் அது நம் கையில் இல்லை.

பிள்ளைக் காப்பகத்து மைதானத்தில் கூட்டம் போட்டார். தொண்டை கிழியப் பேசினார். ஓவனை அணைப்போம் என்றார். ஒரு வாரம், பனி ஒரே ஒரு வாரம் விழட்டும், கொழுந்தெல்லாம் கருகட்டும், ஏற்றிய கிலோவை இறக்கிவிட்டு, லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு இந்த மைதானத்துக்கு வருவார். வேலைநிறுத்தம் செய்தால் வெளியாள் கொண்டுவருவான், குளிரை எந்த வெளியாளைக் கொண்டு விரட்டுவான். இத்தனை வருஷத்தில் நம் கைக்கு வந்த ஒரே ஆயுதம் இது, இன்றைக்குத் திருப்பவில்லையென்றால் நாளைக்கு அந்தக் குமிழை நாம் தொடக்கூட முடியாது.

பெண்கள் வரிசையிலிருந்து மாரிக்கனி எழுந்தாள். ஐப்பசியில் மாசம் நிறையாமல் பிள்ளை பெற்றவள். உள்ளங்கையளவு பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் சூடாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எஸ்தரின் அடுப்பங்கரையில், ஓவன் கதவுக்கு எட்டத்தில், சொளகில் பஞ்சு பரப்பிப் படுக்கவைத்து, அந்தச் சூட்டில்தான் அது கண் திறந்திருந்தது.

“அணைக்கலாம் பெரியப்பா” என்றாள். “எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. எம் பிள்ளைக்கு மேல போத்த ஒரு கம்பளியக் குடுத்துட்டு அணைங்க.”

“கம்பளி வாங்கிரலாம்மா” என்றார் ராக்கப்பன்.

“யார்கிட்ட? நீங்கதான வேணாம்னு சொன்னீங்க.” அவள் குரலில் சண்டை இல்லை. “நானும் ஜன்னலுக்கு வெளிய நின்னு கை தட்டுனவதான். உங்கள மட்டும் சொல்லல. ஆனா கை தட்டுனவளுக்குக் குளிர் தாங்கும், பிள்ளைக்குத் தாங்காதுல்ல.”

ராக்கப்பன் படித்த பிரசுரங்கள் எல்லாவற்றிலும் இதற்குப் பதில் இருந்தது, எல்லாம் அடுத்த தலைமுறையைப் பற்றியதாக இருந்தது. அடுத்த தலைமுறை சொளகில் கிடந்தது. குழந்தையையும் தாயையும் மட்டும் கீழே டவுனுக்கு அனுப்பலாமா என்று யாரோ கேட்டார்கள். டவுனில் யார் வீட்டில் என்று இன்னொருவர் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. மூட்டுவலிக்காரர்கள் எழுந்து தங்கள் மூட்டைப் பற்றிச் சொன்னார்கள். விறகடுப்பும் இல்லையே, எதில் குளிர் காய்வோம் என்றார்கள். கை தூக்கச் சொன்னபோது, அணைப்பதற்காக இரண்டே கைகள் எழுந்தன. ஒன்று ராக்கப்பனுடையது. மற்றது எஸ்தருடையது.

எஸ்தர் எதற்காகத் தூக்கினாள் என்று ராக்கப்பனே திரும்பிப் பார்த்தார்.

“எனக்குக் கொழுந்தும் தெரியாது கிலோவும் தெரியாது தோழரே” என்றாள். “ஒரு வாரம் அணைஞ்சிருந்தா நான் தூங்குவேன்.”

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததற்குச் சத்தமே இல்லை. மேனேஜர் ஒரு நாள் காலையில் பால்பாண்டியைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் லயத்துக்கு நடந்தே வந்தார். எஸ்தருக்கு வணக்கம் சொன்னார். குழந்தையைக் குனிந்து பார்த்து நலம் விசாரித்தார். வீட்டு அடுப்பங்கரையில், பச்சைக் குழந்தைக்குப் பக்கத்தில், அதுவும் ஏற்கெனவே தீப்பிடித்த ஒரு சாதனம் இப்படித் திறந்து கிடப்பது எவ்வளவு ஆபத்து, தொழிலாளியின் பாதுகாப்புக்குக் கம்பெனிதானே பொறுப்பு என்றார். கோயில் மேட்டில் தகரக் கொட்டகை ஒன்று ஏற்கெனவே எழுந்திருந்தது. அதன் சுவரில் ஒரு பலகை. பலகையில் கதவு நாலு விரல் திறந்திருக்க வேண்டும் என்று தொடங்கி, முந்தானை தொங்கக் கூடாது என்பது வரைக்கும், எஸ்தர் சொன்ன ஒவ்வொன்றும் பெயிண்டில் எழுதியிருந்தது. கீழே மேனேஜர், கரடிப்பாறை எஸ்டேட் என்று போட்டிருந்தது.

ராக்கப்பன் வந்து எஸ்தர் வீட்டு வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டார். என்னைத் தாண்டித்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். மேனேஜர் அவரைத் தாண்டவில்லை. சாதனத்தை இடம் மாற்ற அணைத்துத்தானே ஆக வேண்டும் என்று மட்டும் சொல்ல, பால்பாண்டி சுவிட்சை அணைத்தான். பனி வந்தது. குழந்தை வீலென்று அழுதது, பிறகு அழுகை மெலிந்தது. லயத்தார் கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு, பெரியப்பா எந்திரிங்க, பிள்ளைக்கு முகம் நீலம் பாயுது என்றார்கள். பிறகு நாலு பேர் அவரை மரியாதையாக, கைக்கு இரண்டு பேர் காலுக்கு இரண்டு பேர் என்று தூக்கி, ஒரு ஓரமாக உட்கார வைத்துவிட்டு, ஓவனை அவர்களே தோளில் ஏற்றிக்கொண்டு, மேட்டை நோக்கி ஓடினார்கள். மாரிக்கனி சொளகோடு பின்னால் ஓடினாள். மாலை போட்டு அவரைத் தூக்கி வந்ததும் அந்த நாலு பேர்தான்.

கொட்டகையில் வைத்ததும் பால்பாண்டி உள்ளே ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, குமிழ் நூற்றெண்பது என்கிறது, உள்ளே இருநூறு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னான். குமிழைப் பிடுங்கினான். அதன் முதுகில் இருந்த சின்ன திருகாணியை அரைச்சுற்று திருப்பினான். மறுபடி மாட்டினான். அதே குமிழ், அதே எண்கள், ஆனால் இனி நூற்றெண்பது என்றால் ஆபீஸ் சொல்கிற நூற்றெண்பது. கமிட்டி கை தூக்கி வைத்த எண்ணுக்கும் சூட்டுக்கும் அந்த அரைச்சுற்றோடு உறவு விட்டுப் போயிற்று. கம்பிவலை அடித்துப் பூட்டுப் போட்டார்கள். பால்பாண்டிக்கு ஆபரேட்டர் வேலை. லயத்துப் பையன்தானே, நமக்கில்லாத சூடா என்று ஜனம் சந்தோஷப்பட்டது. எஸ்தர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவள், யார் தட்டியும் திறக்காமல் தூங்கினாள்.

அந்த மார்கழி போய் அடுத்த வருஷம் தேயிலை விலை விழுந்தது. எங்கோ கடலுக்கு அப்பால் யாரோ குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். கொழுந்து வேண்டாம் என்று ஆபீஸ் முடிவு செய்தது. செடி தூங்கட்டும் என்று எழுதி வந்த சீட்டைப் பார்த்து, பால்பாண்டி குமிழைக் கீழே இறக்கினான். மறுபடி மார்கழி பிறந்திருந்தது. பனி ஓடையைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி வந்து, கதவிடுக்கில் நின்றது. முன்னாலெல்லாம் குளிர் வந்தால் வானத்தைத் திட்டுவார்கள். இப்போது வானத்தைத் திட்ட வழியில்லை. குளிர் ஆபீசிலிருந்து, சங்கு ஊதியதும் வந்தது, சங்கு ஊதியதும் கூடியது. போர்த்த ஒன்றுமில்லை, எரிக்க ஒன்றுமில்லை, எரித்தாலும் வைக்க விறகடுப்பில்லை. மாரிக்கனியின் குழந்தைக்கு ஒரு வயசு முடிந்திருந்தது, மார்பில் சளி கட்டி இழுத்தது. பால்பாண்டியிடம் கெஞ்சினார்கள். பூட்டுச் சாவி என்னிடம் இல்லை மாமா, சீட்டு வந்தால் ஆபீசிலிருந்து ஆள் வந்து திறக்கிறார்கள், நான் திருப்புகிறேன், அவ்வளவுதான் என்று அவன் சொன்னது பொய்யில்லை.

அப்போது ராக்கப்பன் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு வருஷமாக அவரிடம் யாரும் நின்று பேசியதில்லை. பேசத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், எங்களுக்காகப் போங்கள் என்றார்கள். இவர்களுக்காகவா என்று அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. கூட்டத்தின் பின்னால் குழந்தை இருமுகிற சத்தம் கேட்டது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். லயமே பின்னால் வந்து ஆபீஸ் கேட்டுக்கு வெளியே நின்றது.

ஜன்னல் குளிருக்காகச் சாத்தியிருந்தது. உள்ளே மேனேஜர் ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, உண்மையான வருத்தத்தோடு பேசினார். லயத்தில் குளிர் கிடையாது என்று எழுத்தில் இருக்கிறது, இல்லாத குளிருக்கு நான் என்ன நிவாரணம் கொடுக்க முடியும், மேலிடத்தில் கேட்டால் என்ன சொல்வேன் என்றார். ராக்கப்பனுக்கு வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் தொண்டையில் வந்து வரிசையாக நின்றன, எதற்கும் முன்னால் வர விருப்பமில்லை. குளிரில் அவர் பற்கள் அடித்துக்கொண்டன.

“எவ்வளவு வேணும்?” என்று கேட்டார் மேனேஜர்.

“ஒரு முப்பது டிகிரி ஏத்துனா போதும்.”

“பத்து தர்றேன். இது நான் மனுஷத்தன்மையில செய்யறது, வழக்கமாக்கிராதீங்க.”

“சரிங்க சார்” என்றார் ராக்கப்பன்.

சார் என்ற சொல் அவர் வாயிலிருந்து அந்த அறையில் அதுவரை விழுந்ததில்லை. விழுந்ததை மேனேஜர் கவனிக்கக்கூட இல்லை, சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது மேட்டில் கொட்டகை திறக்கிற சத்தம் கேட்டது. பத்து டிகிரி என்று சொன்னார். ஜனம் ஆர்ப்பரித்தது. உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்டார்கள்.

“மேசையத் தட்டிக் கேட்டேன்” என்றார்.

நம்பினார்கள். அவரைத் தோளில் ஏற்றினார்கள். வெற்றி என்று ஒருவன் கத்த, வெற்றி என்று எல்லோரும் கத்த, போராடிப் பெற்றோம் என்று ஒருவன் தொடங்க, ராக்கப்பனும் தோள்மேல் இருந்தபடி பழைய மாதிரியே கையை முஷ்டி பிடித்து உயர்த்தினார். லயத்தை நெருங்கும்போது பனி குழாயடி வரைக்கும் பின்வாங்கியிருந்தது. சூடு, கொஞ்சமே கொஞ்சம், முகத்தில் வந்து பட்டது. மாரிக்கனியின் தோளில் குழந்தை இருமலை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டது. பல நாளாகக் குளிரில் கண்மூடாதவர்கள். ஒருவர் கொட்டாவி விட்டார், இன்னொருவர் விட்டார், தோளில் இருந்தவரை மெதுவாக இறக்கிவிட்டார்கள். கோஷம் பாதியில் நின்றுபோயிற்று. ஒவ்வொருவராக வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள். ராக்கப்பன் உயர்த்திய கையோடு முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவருக்கும் கண்ணைச் சொருகியது.